அத்தான் போட்ட கரை

வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டு மணி அடித்தபோது சிவப்புப் பந்துகள் தவறான திசையில் போய்க்கொண்டிருந்தன.

அவை கரைக்கு வந்திருக்க வேண்டும். ஆய்வுக்கூடத் தொட்டியின் ஒரு முனையில் அலை கிளப்பும் பலகைகள் வரிசையாக நின்றன. மறுமுனையில் சிமெண்டுக் கரை, சாய்வாக. பலகைகள் தள்ளும் அலை சாய்வில் ஏறி உடையும். உடைந்த அலை பந்துகளைக் கரைக்குத் தள்ளும். எஞ்சினியரான அவள் போட்ட கணக்கு அதுதான். முதலில் அப்படித்தான் நடந்தது. பிறகு நாலைந்து பந்துகள் வட்டமடிக்க ஆரம்பித்தன. பக்கத்தில் இன்னொரு வட்டம், எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. இரண்டுக்கும் நடுவே சிக்கிய பந்துகள் உடையும் அலைகளைக் கடந்து, பலகைகளை நோக்கி விறுவிறுவென்று ஓடின.

தொட்டிக்கு மேலே குறுக்காக ஓர் இரும்புப் பாலம். அதில் அவளும் ஆய்வுக்கூட இயக்குநரும் நின்றிருந்தார்கள். இயக்குநர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, புடவைத் தலைப்பில் துடைத்து, மறுபடி போட்டுப் பார்த்தார். பந்துகள் மனம் மாறவில்லை.

"இது என்ன?"

"சுழல் மேடம்."

"அது தெரியுது. ஏன் வருது?"

அவள் வாய் திறப்பதற்குள் கீழேயிருந்து குரல் வந்தது. "நேத்தும் வந்துச்சு மேடம்."

சொன்னவன் பம்பு. அது அவன் பெயரல்ல. தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவதும் இறக்குவதும் அவன் வேலை. அவனுக்கு வேறு பெயர் இருப்பது சம்பளம் போடுகிறவர்களுக்கு மட்டும் தெரியும். அவள் பார்த்த பார்வையில் அவன் குனிந்து இல்லாத ஒரு திருகை முடுக்கினான்.

நகராட்சி புதிதாக ஒரு குளிக்கும் கரை அமைத்திருந்தது. மணல் கொட்டி, மேடு பள்ளம் எல்லாவற்றையும் நிரவி, மேசை மாதிரி ஆக்கியிருந்தார்கள். கடலடி மணலில் பள்ளம் இருந்தால் அதன் வழியாகத் தண்ணீர் ஆளை இழுக்கும். இது எல்லோருக்கும் தெரிந்தது. பள்ளம் இல்லையென்றால் இழுப்பு இல்லை. இழுப்பு இல்லையென்றால் காவலுக்கு ஆள் வேண்டாம். கோடை விடுமுறைக்குத் திறக்கப் போகிறார்கள். அதற்குமுன் ஆய்வுக்கூடம் 'ஆபத்தில்லை' என்று ஒரு வரி தர வேண்டும். அந்த வரிக்காக அதே கரையைச் சின்னதாக்கி இந்தத் தொட்டியில் சிமெண்டில் போட்டிருந்தார்கள்.

போட்டவர் அவளுடைய அத்தான்.

டெண்டர் முறையாகத்தான் அவருக்குப் போனது. தேர்வு செய்த குழுவில் அவள் இல்லை. கேன்டீனில் பேசுகிறவர்களுக்கு இதெல்லாம் தேவைப்படவில்லை.

"தட்டையான தளத்துல இது வராது" என்றார் இயக்குநர். "என் தலை நரைச்சதே கால்வாய்ல அலை விட்டுத்தான். ஒரு தடவைகூட இப்படி வந்ததில்லை."

கால்வாய் என்பது பக்கத்து அறையில் இருந்தது. இரண்டு பக்கமும் கண்ணாடிச் சுவர் வைத்த நீளமான, ஒடுங்கிய தொட்டி. இயக்குநர் பெயர் வாங்கியது அதில் செய்த வேலைக்காக.

"மட்டம் பாத்துதான் வாங்கினோம் மேடம்."

"யார் பாத்தது?"

"அத்... காண்ட்ராக்டர்."

"அதான் சொல்றேன்." குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. "இது உங்க அத்தான் கைவண்ணம். திங்கட்கிழமை உடைக்க ஆள் வரச் சொல்றேன். புதுசாப் போடட்டும்."

"மேடம், அலையே காரணமா இருக்கலாம்."

"இருக்கலாம். காட்டுங்க."

"எப்ப?"

"உடைக்கிற ஆள் வர்றதுக்கு முன்னாடி."

இயக்குநர் படியிறங்கிச் சாப்பிடப் போனார். பந்துகள் பலகைகளின் அடியில் கூடி நின்றன. பம்பு வலையை எடுத்து அவற்றை ஒவ்வொன்றாக அள்ளினான்.

"தளம் போட்ட மேஸ்திரிகிட்ட நீங்க சொல்லுவீங்களா, நான் சொல்லணுமா மேடம்?"

"நான் சொல்றேன்."

"நல்லது. எனக்குக் குழந்தை குட்டி இருக்கு."

*

அவள் அக்கா வீட்டு மாடியில் குடியிருந்தாள். மாடிக்குப் போகும் படி அக்காவின் தையல் அறை வழியாகத்தான் ஏறியது. ஆகவே எந்த நாளும் முகத்தை மறைத்துக்கொண்டு மேலே போக முடிந்ததில்லை.

அக்கா வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு ஒரு ஜாக்கெட் கையைப் பொருத்திக்கொண்டிருந்தாள். ஊசிகளுக்கு நடுவிலிருந்தே பேசினாள்.

"யாரு என்ன சொன்னா?"

"அத்தான் எங்க?"

"குளிக்கிறார். உன் மூஞ்சியைப் பாத்தா அவர் இன்னும் கொஞ்ச நேரம் குளிக்கிறது நல்லதுன்னு தோணுது."

அத்தான் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார். எவ்வளவு சோப்புப் போட்டாலும் அவர் விரல் இடுக்கில் சிமெண்டு வெள்ளையாக நிற்கும்.

"வாங்க எஞ்சினியரம்மா. என் தளம் எப்படி இருக்கு? குனிஞ்சு முகம் பாத்துப் பவுடர் போட்டுக்கலாமே."

"அத்தான், அதை உடைக்கணுமாம்."

"எதை?"

"தளத்தை."

"எந்தத் தளத்தை?"

அக்கா ஊசிகளைத் துப்பி எடுத்தாள். "நீங்க போட்ட தளத்தைத்தான். வேற யாரோ போட்ட தளத்துக்கு இவ ஏன் நம்ம வீட்ல வந்து மூஞ்சியைத் தொங்கப் போடுறா?"

அவள் நடந்ததைச் சொன்னாள். அத்தான் துண்டைத் தோளில் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார்.

"டியூப் மட்டம் வெச்சுப் பாத்தேன். ரசமட்டம் வெச்சுப் பாத்தேன். கூரை போடுறதுக்கு முன்னாடி மழை வந்துச்சு, நினைவிருக்கா? ஊரே போர்த்திக்கிட்டுத் தூங்குது. நான் தார்ப்பாயைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். என் கல்யாணத்தன்னிக்குக்கூட நான் அவ்வளவு முழிச்சதில்லை."

"அது எனக்கும் தெரியும்" என்றாள் அக்கா.

"சரி, என் தளத்தால இல்லைன்னா சுழல் எங்கேர்ந்து வருது? நீ சொல்லு."

அவள் தையல் மேசையின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அலை சுவர் மாதிரி முழு நீளத்துக்கும் ஒண்ணா வந்து உடையறதில்லை அத்தான். துண்டு துண்டா வருது. ஒரு துண்டு உடையற இடத்துல தண்ணியை முன்னால தள்ளுது. அந்தத் துண்டு முடிஞ்ச இடத்துக்குப் பக்கத்துல தண்ணி சும்மா நிக்குது. இந்தப் பக்கம் தள்ளு, அந்தப் பக்கம் சும்மா. எல்லையில இருக்கிற தண்ணி என்ன பண்ணும்?"

"திரும்பும்" என்றாள் அக்கா. "கதவை ஓரத்துல கை வெச்சுத் தள்ளினா திரும்புதே, அது மாதிரி."

"அதேதான். இப்படிச் சின்னச் சின்னதா நிறைய சுழல் பிறக்குது. ரெண்டு மூணு சேந்து பெருசாகுது. எதிரெதிரா சுத்துற ரெண்டு சுழல் பக்கத்துல பக்கத்துல வந்துட்டா, நடுவுல இருக்கிற தண்ணி கடல் பக்கமா பீச்சியடிக்குது. கொஞ்ச நேரந்தான். அப்புறம் கலைஞ்சிடும். வேற இடத்துல வேற ஒண்ணு பிறக்கும்."

அத்தான் மனைவியைப் பார்த்தார். "கேட்டியா? அலைதான் காரணம். தளம் இல்லை."

"நான் அப்படி நினைக்கிறேன்" என்றாள் அவள்.

"நினைக்கிறியா?"

"எஞ்சினியருங்க நினைப்பாங்க" என்றாள் அக்கா. "தெரிஞ்சவர் நீங்க ஒருத்தர்தான்."

அத்தான் உட்கார்ந்தார்.

"அப்ப அந்தக் கரையில காவலுக்கு ஆள் வேணுமா, வேணாமா?"

"அலை காரணம்னா வேணும். தளம் காரணம்னா வேணாம். மேடம் தளம்னு சொல்றாங்க. தளத்தைப் புதுசாப் போட்டுக் காயவெச்சுத் திரும்பச் சோதிக்கறதுக்குள்ள விடுமுறையே முடிஞ்சிடும். அதுவரைக்கும் நகராட்சி காத்திருக்காது. அவங்களுக்கு எப்படியும் கரை தட்டைதானே."

அத்தான் எழுந்தார்.

"நாளைக்கு வர்றேன். தண்ணியை இறக்கு. என் தளம் மட்டம் இல்லைன்னா நானே கடப்பாரையை எடுக்கிறேன். கூலிகூட வேணாம்."

*

சனிக்கிழமை ஆய்வுக்கூடத்தில் வேறு யாரும் இல்லை. பம்பு வால்வைத் திறந்தான். தொட்டியின் அடியில் எங்கோ தண்ணீர் முனகியது.

சோதனை எளிமையானது. சாய்வு சரியாக இருந்தால், தண்ணீர் இறங்க இறங்க அதன் விளிம்பு ஒரு சுவரிலிருந்து மறு சுவர்வரை நேர்க்கோடாக இறங்கும். எங்காவது மேடு இருந்தால் கோடு அங்கே உள்வாங்கும். பள்ளம் இருந்தால் வெளியே நீளும்.

அத்தான் பேண்டை முழங்கால்வரை மடித்துவிட்டு, செருப்பைக் கழற்றி, ஈரச் சிமெண்டில் இறங்கி நின்றார். விளிம்பு இறங்கியது. அவரும் அதோடு கூடவே இறங்கினார்.

"பாரு. நூல் பிடிச்ச மாதிரி."

அவள் பார்த்தாள். நேராகத்தான் இருந்தது.

"மேடத்தைக் கூப்பிட்டுக் காட்டு. கால்வாய்ல நரைச்ச தலையைக் கொஞ்சம் இங்கயும் காட்டச் சொல்லு."

"அத்தான்."

"சொல்றேன், அவ்வளவுதான். தப்பா சொல்லலை. நரை நல்லதுதான்."

விளிம்பு இன்னும் இறங்கியது. ஈரச் சிமெண்டு விளக்கொளியில் பளபளத்தது. அலை உடையும் பகுதியைக் கோடு கடந்துகொண்டிருந்தது. முக்கியமான இடம் அதுதான். அவள் மூச்சு விடாமல் சுவருக்குச் சுவர் பார்வையை ஓட்டினாள்.

"மேஸ்திரி" என்றான் பம்பு, வால்வில் கை வைத்தபடி. "அங்க என்ன, நாக்கு நீட்டுது?"

நடுவிலிருந்து கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி, கோட்டிலிருந்து தண்ணீர் ஒரு நாக்குப் போல வெளியே நீண்டிருந்தது. மற்ற இடத்தில் விளிம்பு கீழே போய்விட்டது. நாக்கு அங்கேயே நின்றது. பிறகு அறுபட்டு, ஒரு குட்டையானது. ஒரு பாய் விரிக்கும் அளவு.

அத்தான் அதனருகே போய்க் குந்தினார். ஆட்காட்டி விரலைத் தண்ணீரில் நிறுத்தினார். நகம் மூழ்கியது. அதற்குமேல் இல்லை. நகம் மூழ்கியது.

அவர் விரலை எடுக்காமலே உட்கார்ந்திருந்தார். பின்னங்கழுத்து சிவந்து வந்ததை அவள் பார்த்தாள்.

"தார்ப்பாய்" என்றார் அவர்.

"என்ன அத்தான்?"

"மழையன்னிக்குத் தார்ப்பாய்ல தேங்கின தண்ணி இங்கதான் ஊத்துச்சு. விடிஞ்சதும் மேல பூசிட்டேன். மட்டப்பலகை வெச்சுப் பாத்தேன். சரியாத்தான் இருந்துச்சு." விரலை எடுத்துப் பார்த்தார். "இருந்துச்சுன்னு நினைச்சேன்."

நினைச்சேன் என்ற சொல்லை அவர் வாயில் அவள் முதல்முறையாகக் கேட்டாள்.

அவர் எழுந்தார். முகம் மாறியிருந்தது. தொழில் தெரிந்தவரின் முகம்.

"வண்டியில கலவை வெச்சிருக்கேன். அரை மணியில நிரவிடுவேன். சீக்கிரம் இறுகுற சரக்கு. நாளைக்குள்ள கல்லாயிடும். திங்கட்கிழமை யார் வேணும்னாலும் தண்ணியை இறக்கிப் பாக்கட்டும். கண்ணாடி மாதிரி இருக்கும்."

பம்பு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். அந்தச் சுவரில் பார்க்க ஒன்றும் இல்லை.

அவளுக்கு ஒரு கணம் அது நல்ல யோசனையாகவே பட்டது. பள்ளம் போய்விடும். அத்தான் தலைநிமிர்ந்து வண்டியை ஓட்டிக்கொண்டு போவார். அக்கா வீட்டில் எல்லோரும் நிம்மதியாகச் சாப்பிடுவார்கள்.

"வேணாம் அத்தான்."

"உனக்காகத்தான் சொல்றேன்."

"எனக்காகத்தான் வேணாங்கிறேன். பூசிட்டா நேத்து வந்த சுழல் இந்தப் பள்ளத்தால வந்ததா இல்லையான்னு யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. பூசினப்புறம் மறுபடி சுழல் வந்தா இன்னொரு பள்ளம் இருக்குன்னு சொல்வாங்க. அதுக்கப்புறம் இன்னொண்ணு. முழுத் தளத்தையும் சுரண்டினாலும் பேச்சு நிக்காது."

"அப்ப என்ன பண்ணச் சொல்றே? பள்ளத்தை வெச்சுக்கிட்டுப் பூசை பண்ணவா?"

"அதுக்கு நேர் மேல உக்காந்து பாருங்க. சுழல் அங்க வருதான்னு."

அத்தான் அவளைப் பார்த்தார். பிறகு பள்ளத்தைப் பார்த்தார். வண்டிக்குப் போனார். கலவை எடுத்து வரப் போகிறாரோ என்று அவள் பயந்தாள். அவர் ஒரு பச்சைத் துணிக் கிழிசலோடு திரும்பி வந்தார். பாலத்தில் ஏறி, பள்ளத்துக்கு நேர் மேலே, கைப்பிடிக் கம்பியில் அதைக் கட்டினார். முடிச்சை இரண்டு முறை இறுக்கினார்.

"ஏத்துடா தண்ணியை" என்றார் பம்புவிடம்.

*

பலகைகள் அசைந்தன. ஒவ்வொன்றும் தன் போக்கில், முன்னும் பின்னுமாக. அப்படி அசைந்தால்தான் கடலில் போலப் பல திசையிலிருந்து அலை வரும். தொட்டியின் மேற்பரப்பு சிறு சிறு முகடுகளாக உடைந்தது. ஒரு முகடு இங்கே நுரைத்தது. இன்னொன்று அங்கே. இடையில் தண்ணீர் நுரைக்காமலே வழிவிட்டது.

பம்பு வாளியிலிருந்து பந்துகளைத் தூவினான். அத்தான் பாலத்தின் விளிம்பில், பச்சைத் துணிக்குக் கீழே, காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். தூண்டில் போட்டவர் மாதிரி இருந்தார். கண் பள்ளத்தின் மேலேயே இருந்தது.

முதல் சுழல் இடது சுவர்ப் பக்கம் பிறந்தது. அவள் கையை நீட்டிக் காட்டினாள். அத்தான் திரும்பிப் பார்ப்பதற்குள் அது கலைந்தது. அடுத்தது நடுவில். அதன் பக்கத்தில் இன்னொன்று எதிர்ச்சுற்று. நடுவிலிருந்த பந்துகள் பலகையை நோக்கிப் பாய்ந்தன.

"அங்க பள்ளம் இல்லையே" என்றார் அத்தான்.

"இல்லை."

அவர் மறுபடி தன் இடத்தைக் காவல் காத்தார். சுழல்கள் வந்தன. வலது ஓரம். கரைக்கு மிக அருகில். இடது ஓரம் மறுபடி. பச்சைத் துணிக்குக் கீழே பந்துகள் கரைக்கும் உள்ளுக்குமாக ஆடின, சுற்றவில்லை.

"இங்க வரவே மாட்டேங்குது."

"வரலாம் அத்தான்."

"எவ்வளவு நேரமா உக்காந்திருக்கேன். எங்கெங்கயோ போகுது. என் பள்ளத்தை மதிக்கவே மாட்டேங்குதே."

"மேஸ்திரி, வந்தாலும் கோபம், வராட்டியும் கோபமா?" என்றான் பம்பு.

சற்று நேரத்தில் வந்தது. பள்ளத்தின் மேல் பந்துகள் மெல்ல வட்டம் பிடித்தன. அத்தான் கம்பியைப் பற்றிக்கொண்டார். வட்டம் அகன்றது, ஒரு சுற்று, இரண்டு சுற்று. பிறகு அப்படியே இடப்பக்கம் நகர்ந்து இன்னொரு சுழலோடு கலந்து போய்விட்டது. அவர் அவளைப் பார்த்தார்.

"எங்கயும் வரும்" என்றாள் அவள். "அங்கயும் வரும்."

அவளுக்கு இது போதவில்லை. இயக்குநர் என்ன கேட்பார் என்று தெரியும். பள்ளமும் இருக்கிறது, அலையும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துக் காட்டு என்பார். அவள் கணினி முன் போய் உட்கார்ந்தாள். அலையின் உயரத்தைத் தொடவில்லை. தளம் அதே தளம். பலகைகள் எல்லாவற்றையும் ஒன்றாக அசையச் சொன்னாள். மோட்டார்களைச் சரிபார்க்கும்போது அப்படி ஓட்டியிருக்கிறார்கள். அப்போது பந்து போட யாருக்கும் தோன்றவில்லை. கடலில் அப்படி அலை வருவதில்லை என்பதால் அதைப் பார்க்க என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டார்கள்.

பலகைகள் ஒரே வரிசையாக முன்னே சாய்ந்தன. சுவருக்குச் சுவர் ஒரே அலை எழுந்தது. ஒரே கோடாக வந்து, ஒரே கோடாக உடைந்தது. பந்துகள் எல்லாம் சேர்ந்து கரைப்பக்கம் போயின, எல்லாம் சேர்ந்து பின்வாங்கின. சுவர் ஓரங்களில் மட்டும் லேசாகச் சிணுங்கல் இருந்தது. பள்ளத்தின் மேல் போன பந்துகள் சற்றுத் தயங்கி, வரிசையில் சேர்ந்துகொண்டன.

அவள் காத்திருந்தாள். பம்பு வாளியைக் கீழே வைத்தான்.

"என்ன, நின்னுடுச்சா?" என்றார் அத்தான்.

"பிறக்கவே இல்லை."

"மறுபடி பழைய மாதிரி விடு."

விட்டாள். முகடுகள் உடைந்தன. இடது பக்கம் பந்துகள் சுற்றத் தொடங்கின. நேராக்கினாள்; அடங்கியது. துண்டாக்கினாள், வந்தது. அத்தான் ஒவ்வொரு முறையும் சத்தமாகச் சொன்னார், அவளுக்குத் தெரியாதது போல: "இல்லை." "இருக்கு." "இல்லை." "இருக்கு." கடைசியில் குரல் உடைந்து சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பம்பு பார்த்தான். இந்த முறையும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவள் இயக்குநருக்குப் போன் செய்தாள்.

*

இயக்குநர் சந்தைப் பையோடு வந்தார். பையிலிருந்து கீரைக்கட்டு எட்டிப் பார்த்தது. அவர் வாசலைத் தாண்டுவதற்குள் அத்தான் பாலத்திலிருந்து இறங்கி எதிரே போய் நின்றார். அவள் சைகை காட்டியதை அவர் பார்க்கவில்லை. அல்லது பார்த்தும் நிற்கவில்லை.

"மேடம், தளத்துல ஒரு பள்ளம் இருக்கு. நான் விட்டது."

"எங்க?"

"பச்சைத் துணி கட்டியிருக்கேன். அதுக்கு நேர் கீழ. நகம் முழுகுற அளவு."

இயக்குநர் அவர் தலைக்கு மேலாக அவளைப் பார்த்தார். "இதைச் சொல்லவா என்னைச் சந்தையிலேர்ந்து கூப்பிட்டீங்க?"

"இல்லை மேடம். பள்ளத்தை வெச்சுக்கிட்டே ஒண்ணு பாக்கணும்."

இயக்குநர் பையை அத்தான் கையில் கொடுத்துவிட்டுப் பாலத்தில் ஏறினார். அவள் முதலில் துண்டு துண்டாக வரும் அலையைக் காட்டினாள். பிறகு நேர் அலை. பிறகு மறுபடி துண்டு அலை. "மறுபடி" என்று மட்டும் சொன்னார் இயக்குநர். பிறகு உயரத்தைக் கூட்டச் சொன்னார். குறைக்கச் சொன்னார். பம்பு பந்துகளை அள்ளி அள்ளித் தூவினான். நேர் அலையில் ஒரு முறைகூடச் சுழல் வரவில்லை. துண்டு அலையில் வராமல் இருந்ததில்லை. எங்கே வரும் என்றுதான் யாராலும் சொல்ல முடியவில்லை.

இயக்குநர் பாலத்தில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை நடந்தார். அங்கே நின்று திரும்பி, தொட்டியின் முழு அகலத்தையும் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டினார்.

"கால்வாய் இவ்வளவுதான்" என்றார். "ரெண்டு கை நீட்டினா ரெண்டு சுவரும் இடிக்கும். அதுல தண்ணி எங்க போய்த் திரும்பும்?"

அவர் கைகளை இறக்கினார்.

"இத்தனை நாளா சந்துக்குள்ள நின்னுக்கிட்டு ஊரைப் பத்திப் பேசியிருக்கேன்." அவர் சிரித்தார். அவள் அவரை அப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை. "உங்க அத்தான்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

"பள்ளம் இருக்கே மேடம்" என்றார் அத்தான், கீரையை அணைத்தபடி.

"இருக்கு. அதுக்கு இல்லை. மத்ததுக்கு."

இயக்குநர் அங்கேயே நின்று இரண்டு போன் பேசினார். முதலாவது உடைக்கிற ஆளுக்கு, சின்னது. திங்கட்கிழமை வர வேண்டாம். இரண்டாவது நகராட்சிக்கு. அது நீண்டது. ஆபத்தில்லை என்று எழுத முடியாது என்றார். காவலுக்கு ஆள் போட்டுவிட்டுத் திறங்கள், இல்லையென்றால் திறக்காதீர்கள் என்றார். மறுமுனை என்னவோ சொன்னது. "மேசை மாதிரிதான் இருக்கு, எனக்கும் தெரியும்" என்றார். "மேசை இழுக்கலை. அலை இழுக்குது. வந்து பாருங்க, பந்து போட்டுக் காட்டுறோம்." மறுமுனை செவ்வாய்க்கிழமை வருவதாக ஒப்புக்கொண்டது. போனை அணைத்துவிட்டு இயக்குநர் மூச்சு விட்டார்.

அவள் போனும் அடித்தது. அக்கா.

"தளம் இருக்கா, போச்சா?"

"இருக்குக்கா."

"அவர்?"

"அவரும் இருக்கார். யாரோட கீரையையோ பிடிச்சுக்கிட்டு."

"சரி சரி. ரெண்டையும் பத்திரமா வீட்டுக்குக் கொண்டு வா. சோறு ஆறுது."

பலகைகள் இன்னும் அசைந்துகொண்டிருந்தன. யாரும் நிறுத்தவில்லை. அத்தான் பையைக் கீழே வைத்துவிட்டு மறுபடி பாலத்தில் ஏறியிருந்தார். இந்த முறை பள்ளத்தைப் பார்க்கவில்லை. பலகைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க வா" என்றார். "அந்தத் தனிப் பந்தைப் பாரு. இப்பத்தான் இழுத்துக்கிட்டுப் போச்சு."

உடையும் அலைகளுக்கு அப்பால் ஒரு பந்து தனியாக மிதந்தது. அதை இழுத்துப்போன ஓட்டம் கலைந்துவிட்டிருந்தது. பந்து கொஞ்ச நேரம் எங்கே போவது என்று தெரியாததுபோல் நின்றது. பிறகு பக்கவாட்டில் நகர்ந்தது. ஒரு முகடு அதைத் தூக்கியது. அடுத்த முகடு உடைந்து தள்ளியது. பந்து கரைப்பக்கம் வரத் தொடங்கியது.

"விட்டுடுது" என்றார் அத்தான். "கொஞ்ச தூரம் இழுத்துட்டுப் போய் விட்டுடுது. அப்புறம் அலையே கொண்டாந்து சேக்குது."

"எல்லாம் வர்றதில்லை" என்றாள் அவள். "ஆனா நிறைய வருது."

"பந்து சும்மா மிதக்குது" என்றார் இயக்குநர். "மனுஷன் பதறுவான். இழுக்கிற தண்ணியை எதிர்த்தே நீந்துவான். அதுல கை கால் ஓஞ்சிடும்."

"பதறாதே, மிதந்துக்கிட்டே கையைத் தூக்குன்னு முன்னாடியே யாராவது சொல்லி வெச்சிருந்தா?" என்றார் அத்தான். "காவலுக்கு ஒருத்தன் இருக்கான், பாத்துட்டு வருவான்னு தெரிஞ்சா?"

இயக்குநர் அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவளை.

"கரையில வைக்கிற எச்சரிக்கைப் பலகையில அதை எழுதச் சொல்லலாம்."

"பெரிய எழுத்துல" என்றான் பம்பு கீழிருந்து.

பந்து கரையைத் தொட்டது. சிமெண்டில் லேசாக உருண்டு ஏறி நின்றது. அத்தான் தொண்டையைக் கனைத்தார்.

"மேடம், இப்பவாவது அந்தப் பள்ளத்தைப் பூசிடட்டுமா?"

"வேணாம். எங்க இருக்குன்னு தெரிஞ்ச பள்ளம். அது இருக்கட்டும்." இயக்குநர் படியிறங்கப் போனவர் நின்றார். கம்பியில் கையை ஊன்றித் தண்ணீரைப் பார்த்தார். இரண்டு சுழல்கள் ஒன்றையொன்று நெருங்கிக்கொண்டிருந்தன. அவளும் அவற்றைத்தான் பார்த்தாள். எந்த முகடுகள் அவற்றைப் பெற்றெடுத்தன என்று அவள் கண் ஏற்கெனவே பின்னோக்கித் தேடத் தொடங்கியிருந்தது.

"காவலுக்கு வர்றவன் முதல் நாளே கேப்பான்" என்றார் இயக்குநர். "எங்க வரும்னு நம்மால சொல்ல முடியாது. எப்ப வரும்னாவது சொல்ல முடியுமா?"